பதினேழு சுற்று

காட்பாடியில் மே மாதம், மூன்றாவது வாரம்.
சுவிட்சைப் போட்டால் மோட்டார் ‘ம்ம்’ என்கிறது,
தண்ணீர் வரவில்லை.
மேல்வீட்டுப் பிரபாவதிக்கும் எனக்கும்
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
யார் எத்தனை மணிக்கு மோட்டார் போடுவது
என்பதில் ஆரம்பித்தது.
இன்று ஆளுக்குப் பாதிக் காசு போட்டுத்
தணிகாசலத்தின் வண்டியை வரவழைத்திருக்கிறோம்.
அந்தப் பாதியைக்கூட வாட்ஸப்பில்தான் பேசினோம்.

கப்பி கிறீச்சிடுகிறது.
ஐந்நூற்றிருபது அடி ஆழத்திலிருந்து
கறுப்புக் குழாய் ஈரத்தோடு ஏறி வருகிறது.
முதல் நூறடி ஒழுங்காகத்தான் இருந்தது,
குழாய் குழாயாக, கயிறு கயிறாக, ஒயர் ஒயராக.
பிறகு நைலான் கயிறு
கோவைக்கொடி வேலிக்கம்பியைப் பற்றுவதுபோல
குழாயைச் சுற்றத் தொடங்கியது.

அப்சல் எண்ணினான். பதினேழு.

“யாரும் முறுக்கலைங்க,” என்றார் தணிகாசலம்.
“ஸ்டார்ட் ஆகறப்ப மோட்டார் ஒரு உதறு உதறும்,
பைப்பு எதிர்ப்பக்கம் திரும்பும்.
நிறுத்துனா திரும்பி வரும்.
முழுசா வராது.”

முழுசா வராது.
இதை எழுத எனக்கு நான்கு வருடமும்
நாற்பத்தொரு சமன்பாடுகளும் ஆயின.

என் ஆய்வில் மின்சாரம் பாயும் ஒரு பிளாஸ்மாத் தூண்.
அதைச் சுற்றிக் காந்தக்கோடுகள் புரி முறுக்கிக் கிடக்கும்.
முறுக்கு தளர்வாக இருக்கும்வரை தூண் நிமிர்ந்து நிற்கும்.
தூணின் நீளம் முடிவதற்குள்
கோடு ஒரு முழுச் சுற்றை முடித்துவிட்டால் போதும்;
எங்கோ ஒரு மயிரிழை வளைவு.
வளைவின் உட்பக்கம் கோடுகள் நெருக்கியடிக்க,
நெருக்கம் தூணை வெளியே தள்ள,
தள்ளத் தள்ள வளைவு பெருக,
கண்ணிமைப்பதற்குள் தூண் திருகாணியாகிச்
சுவரில் மோதி அணையும்.

சூரிய விளிம்பின் தீ நாடாவும் இப்படித்தான் முறுகி அறும் என்பார்கள்.
நான் கண்ணால் கண்டது
பாலாற்று மணலில், பகல் இரண்டு மணிக்கு:
ஒரு சூறை
காகிதமும் சருகுமாய் நிமிர்ந்தே நடந்து வந்து
பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
இடுப்பை ஒடித்துக்கொண்டது.

கட்டுரையின் இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்:
உங்கள் சுருள் வலம்புரியா, இடம்புரியா?
இன்றே பதில் அனுப்ப வேண்டும்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
கயிற்றை வரைந்து பார்க்கிறேன்.
பதினேழும் இடம்புரி. ஒன்றுகூட மாறவில்லை.
அவள் காலையில் போட்டாள், நான் மாலையில் போட்டேன்,
ஒருநாள் வேண்டுமென்றே அவளுக்கு முந்தி
விடியற்காலை நாலரைக்கும் போட்டேன்.
அடியில் மோட்டாருக்கு அதெல்லாம் தெரியாது.
எல்லா உதறலும்
ஒரே பக்கமாகத்தான் சேர்ந்திருக்கிறது.

கயிறு அறுத்த இடத்தில் ஒயரின் தோல் உரிந்து
மூன்று அங்குலம் செம்பு தெரிந்தது.
“டார்க் கார்டு ரப்பர் போடவே இல்லையே,
யாரு வேணாம்னது?”
நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை.
யார் என்று இருவருக்கும் நன்றாக ஞாபகமிருக்கிறது,
வேறு வேறு ஆளாக.

கடைசி இருபதடி.
மோட்டார் குழிவாயைத் தாண்டி அந்தரத்தில் வந்ததும்
பிடித்துவைத்ததெல்லாம் பிரிந்துகொண்டு
கிறுகிறுவென்று சுழன்றது.
செஞ்சேறு ஒரே வளையமாகத் தெறித்து
அவள் நைட்டியில் தொடங்கி
என் கண்ணாடியில் முடிந்தது.

“பிடிங்க!”
பதினான்கு மாதத்தில் முதல் சொல்.

மேலே அவள் கை, கீழே என் கை.
பதினைந்தரை தானாகவே பிரிந்துவிட்டது.
மிச்சம் ஒன்றரைச் சுற்று
எங்கள் உள்ளங்கைகளுக்குள்
எந்தப் பக்கம் திரும்பலாம் என்று
நடுங்கிக்கொண்டிருந்தது.